நாயைப் புனிதராக்கியவர்கள்

கிறித்தவப் புனிதர்களையும் விலங்குகளையும் பற்றிய தொன்மக் கதைகளை வாசிக்கையில் நமக்கு முதலில் வாய்ப்பது எளிய மகிழ்ச்சிதான். குப்பியோ நகரை நடுங்கவைத்த ஓநாய், அசிசியின் பிரான்சிஸ் நீட்டிய கையில் தன் முன்னங்காலை வைத்து உடன்படிக்கை செய்துகொள்கிறது. இரவெல்லாம் கடலில் நின்று ஜெபித்துவிட்டுக் கரையேறும் கத்பர்ட்டின் பாதங்களை நீர்நாய்கள் மூச்சுக்காற்றால் சூடேற்றி, தம் ரோமத்தால் துடைக்கின்றன. காலில் காயம்பட்டு வந்த சிங்கம் ஜெரோமின் மடத்திலேயே தங்கி, மடத்துக் கழுதைக்குக் காவல் நிற்கிறது.

ஆனால் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துச் செல்லும்போது ஒரு மனக்குறையும் எழுகிறது. விலங்கு எங்கும் மனிதனின் மேன்மைக்குச் சாட்சி சொல்லவே வருகிறது. சிங்கத்தின் கதையில் மட்டும் ஒரு நெருடல் உண்டு. கழுதை திருடுபோனபோது, தின்றது சிங்கமே என்று துறவிகள் முடிவுகட்டி, கழுதையின் வேலையை அதன்மேல் சுமத்துகிறார்கள். ஆயினும் கழுதை திரும்பக் கிடைக்கிறது, பழி நீங்குகிறது. விலங்குக்கு மனிதன் இழைத்த அநீதி கதை முடிவதற்குள் சரிசெய்யப்பட்டுவிடுகிறது.

சரிசெய்ய இயலாத அநீதியின் கதையும் ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரான்சின் லியோன் மறைமாவட்டத்தில் போதித்துவந்த எத்தியேன் தெ பூர்போன் என்னும் தோமினிக் சபைத் துறவியிடம் பாவசங்கீர்த்தனம் செய்த பெண்கள் பலர், தம் பிள்ளைகளைப் புனித கினேஃபோரிடம் கொண்டுசென்றதாகச் சொன்னார்கள். யாரோ ஒரு மகான் என்றே அவர் எண்ணினார். விசாரித்தபோது அது ஒரு வேட்டைநாய் என்று தெரிந்தது.

ஒரு கோட்டைத் தலைவனின் கைக்குழந்தையை நெருங்கிய பாம்பை அந்த நாய் கடித்துக் கொன்றது. கவிழ்ந்த தொட்டிலையும் நாயின் வாயில் இருந்த இரத்தத்தையும் கண்டு செவிலி அலறினாள், தாய் அலறினாள். தலைவன் வாளை உருவி நாயை வெட்டினான். பிறகுதான் குழந்தை நலமாக உறங்குவதைக் கண்டார்கள். நாயைக் கிணற்றிலிட்டுக் கற்களால் மூடி, அருகில் நினைவுமரங்கள் நட்டார்கள். கோட்டை அழிந்தபின் குடியானவர்கள் அந்நாயை வேதசாட்சியாக வணங்கத் தொடங்கினார்கள்.

நமக்கு இது புதிய கதையன்று. பஞ்சதந்திரத்துக் கீரியின் கதை இது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்றதற்காகக் கணவனால் கைவிடப்பட்ட பார்ப்பனிக்குக் கோவலன் பொருள் தந்து பரிகாரம் செய்வித்ததை மாடலன் நினைவுகூர்கிறான். அங்கே அக்கறை கொன்றவளின் பாவத்தைப் பற்றியது. கீரியைப் பற்றிப் பிறகு பேச்சில்லை. பிரெஞ்சுக் குடியானவர்களோ கொன்றவர்களை மறந்துவிட்டார்கள், நாயை மறக்கவில்லை. குற்றமற்ற இரத்தம் எவருடையதாயினும் அதற்கு வணக்கம் உரியது என்ற அந்த முடிவு, இறையியலுக்கு ஒவ்வாததாயினும், பிற கதைகள் அனைத்திலும் மேலானதாக நமக்குத் தோன்றுகிறது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். எத்தியேனின் குறிப்பு மேலும் செல்கிறது. நோயுற்ற குழந்தையை, வனதேவதைகள் மாற்றிவைத்துவிட்டுப் போன பிள்ளை என்று தாய்மார் நம்பினார்கள். அதை ஆடையின்றி மரத்தடியில் கிடத்தி, இருபுறமும் மெழுகுதிரி ஏற்றி, திரி எரிந்து தீரும்வரை அழுகுரல் கேட்காத தொலைவில் நின்றார்கள். தீப்பற்றி இறந்த குழந்தைகள் உண்டு. பிழைத்தவற்றை ஆற்றின் குளிர்நீரில் ஒன்பது முறை முக்கினார்கள். அவசரத்தில் கொல்லப்பட்ட ஓர் உயிரின் நினைவிடத்தில் வேறு உயிர்களும் பலியாயின. அதிகாரம் ஒடுக்கிய மக்கள் மரபு என்று இதைக் கொண்டாட நம்மில் சிலருக்கு இருந்த ஆவல் இந்த இடத்தில் அடங்கிப்போயிற்று.

எத்தியேன் நாயின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, தோப்பை வெட்டி, இரண்டையும் சேர்த்து எரித்தார். குழந்தைகளின் மரணம் கண்டு அவர் அதிர்ந்ததில் பிழையில்லை. ஆயினும் இறந்த நாயை இரண்டாம் முறை தண்டித்தவர், அத்தாய்மாரின் கையில் வேறு மருந்து எதையும் தரவில்லை. பிள்ளைகளின் நோய் இருந்தது. ஆகவே தாய்மார் திரும்ப வந்தார்கள். வழிபாடு 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்ததை, வரலாற்றாசிரியர் ழான்-கிளோத் ஷ்மித் 1979இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

ஓநாயும் சிங்கமும் புனிதர்களின் காலடியில் அமைதியாகப் படுத்திருக்கும் ஓவியங்களை நாம் இனியும் விரும்பிப் பார்ப்போம். ஆனால் நோயுற்ற பிள்ளையோடு காட்டுக்குப் போக வேண்டியிருந்த ஒரு பெண்ணுக்கு, அவர்களுள் எவரும் போதவில்லை. தன் பிள்ளையைக் காக்க வல்லவர் யார் என்று எண்ணிப் பார்த்தபோது, ஒரு பிள்ளையைக் காத்துவிட்டு அதற்காகவே வெட்டுண்ட நாயின் பெயர்தான் அவள் நினைவுக்கு வந்தது. அவள் செய்ததை நம்மால் ஏற்க முடியவில்லை. அவள் யாரை நம்பினாள் என்பது மட்டும் நமக்குப் புரிகிறது.