விளையாட்டுப் பெட்டிக்குள் ஓர் அஞ்சறைப்பெட்டி



விடுமுறை நாள்களில் பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி வைத்துவிடலாம். வாங்கிய பின் அந்தக் கையில் எதைக் கொடுப்பது என்பதில்தான் பெற்றோர் பலரும் திணறுகிறோம். எங்கள் இல்லத்தில் அதற்கு விடையாக வந்தது டெர்ராஃபார்மிங் மார்ஸ் என்னும் பலகை விளையாட்டு. சுவீடனைச் சேர்ந்த ஜேக்கப் ஃபிரிக்ஸெலியஸ் வடிவமைத்து 2016-இல் வெளிவந்தது. செவ்வாய்க் கோளை மனிதர் வாழத்தக்க இடமாக மாற்றுவதே ஆட்டம். வெப்பநிலையை மைனஸ் 30 பாகையிலிருந்து 8 பாகைக்கு உயர்த்த வேண்டும். ஆக்சிஜனை 14 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்பது கடல்களை நிரப்ப வேண்டும். பகடை உருட்டும் வேலையே இதில் இல்லை என்பதால் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனத்தடை எழவில்லை.

ஆயினும் சில மாதங்களிலேயே அந்தப் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. 208 திட்ட அட்டைகள், 80 அறுகோண வில்லைகள், ஐந்து நிறங்களில் ஆட்டக்காரர்களுக்கான 200 சிறு கட்டைகள், செம்பு, வெள்ளி, பொன் நிறங்களில் வளங்களைக் குறிக்கும் 200 கட்டைகள். இத்தனையும் சிறு பைகளில் கட்டிக் கிடக்கும். இஷாத் தொழுகைக்குப் பின் அமர்ந்தால் பரப்பி வைக்கவே அரை மணி நேரம். ஆட்டம் முடிந்து எல்லாரும் கொட்டாவி விட்டபடி எழுந்து போன பிறகு, மேசையருகே நின்று நிறம் பிரித்துப் பையிலிட்டவர் பிள்ளைகளின் உம்மாதான். "ஆட்டம் உங்களுக்கு, அள்ளி வைக்கும் வேலை எனக்கா?" என்று ஒரு நாள் கேட்டார். அதன் பின் அவர் ஆட வரவில்லை. அவர் வராததால் ஆட்டமும் நின்றது.

கல்லூரியில் படிக்கும் எங்கள் மூத்த மகனிடம் முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்று உண்டு. இதற்கு நான் வழி செய்கிறேன் என்று பெட்டியை அளந்து, ஓர் இழை இடமும் வீணாகாதபடி அறைகளை வரைந்து, ஏறத்தாழ ஒரு கிலோ பிளாஸ்டிக் இழையைச் செலவிட்டு அச்சிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எந்தத் தட்டின் மேல் எந்தத் தட்டு என்னும் வரிசை அவனுக்கு மட்டுமே தெரியும்; ஒன்று மாறினால் மூடி மூடாது. அறைகளின் மூலை செங்குத்தாக இருந்ததால் கட்டைகள் விரலுக்கு எட்டாமல் மூலையில் ஒட்டிக்கொண்டன. பன்னிரண்டு வயது இளையவள் தட்டையே கவிழ்த்து எடுத்தாள். அட்டைகள் கிழியாதிருக்க உறை வாங்கிப் போட்டோம். 63க்கு 88 மில்லிமீட்டர் அட்டைக்குக் கச்சிதமாக அளந்த அறையில் உறையிட்ட அட்டை நுழையவில்லை. அந்த ஒரு கிலோவும் வீண்விரயமாயிற்று.

இத்தகைய அடுக்குத்தட்டை வடிவமைக்கப் புகும் பலரும் செய்யும் பிழை இதுவே என்று கருதுகிறோம். பெட்டியை அளக்கிறார்கள், ஆட்டம் நிகழும் மேசையைப் பார்ப்பதில்லை. நம் சமையலறை அஞ்சறைப்பெட்டியைக் கவனியுங்கள். கடுகும் சீரகமும் விரலால் அள்ளும்படி வாய் அகன்ற கிண்ணங்களில் இருக்கின்றன. தனித்தனியே எடுத்துக் கழுவலாம். எதை எங்கே வைப்பது என்று புதிதாக வந்த மருமகளுக்கும் ஒரு பார்வையில் விளங்கிவிடும். அதை உருவாக்கியவர் அடுப்படியில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை வரைவதற்கு முன் மகனை ஒரு முழு ஆட்டமும் குறிப்பேட்டுடன் அமரச் செய்தோம். (உம்மாவைக் கெஞ்சி அழைத்து வந்தது தனிக்கதை.) யார் எதை எப்போது எடுக்கிறார், எங்கே கை எட்டவில்லை, முடிவில் எது சிதறிக் கிடக்கிறது என்று எழுதினான். அதிலிருந்து பிறந்ததே புதிய வடிவம். ஒவ்வொருவருக்கும் அவரவர் நிறத்துக் கட்டைகள் நாற்பதும் கொண்ட ஒரு சிறு தட்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் கைக்கு வரும், முடிவில் அவரே நிரப்பித் திருப்பித் தர வேண்டும். வளக் கட்டைகளுக்கு அடி வளைந்த கிண்ணங்கள் இரண்டு தொகுதி, மேசையின் இரு முனைக்கும் ஒவ்வொன்று. கடல் வில்லைகளுக்கான அறை சரியாக ஒன்பது அடுக்கும் ஆழமே கொண்டது. ஒன்று குறைந்தாலும் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சுப்பொறியின் தளம் 220 மில்லிமீட்டர் சதுரம். விளையாட்டுப் பெட்டியோ ஏறத்தாழ 300. ஒரே தட்டாக அச்சிட இயலாதது குறை என்று முதலில் நினைத்தோம். கைக்கு அடங்கும் சிறு தட்டுகளாகப் பிரிக்க அதுவே காரணமாயிற்று. சுவர்களுக்கு 1.2 மில்லிமீட்டர் போதும், 0.4 மில்லிமீட்டர் முனை மூன்று சுற்று ஓடினால் அந்தக் கனம் வந்துவிடும். தட்டுகளுக்கிடையே ஒரு மில்லிமீட்டரேனும் இடைவெளி விடுங்கள். பலகையும் ஆட்டக்காரர் அட்டைகளும் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும். அவற்றின் கனத்தை முதலிலேயே கழிக்க மறந்தால் மூடி பிதுங்கி நிற்கும். முழுத் தட்டு ஒன்று அச்சாக ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. ஆகவே அடிப்பகுதியில் நான்கு மில்லிமீட்டர் உயரம் மட்டும் அச்சிட்டு, உறையிட்ட அட்டையை வைத்துப் பார்த்த பிறகே முழுவதையும் தொடங்குவது என்று மகன் வழக்கமாக்கிக்கொண்டான். முதல் முறை இதைச் செய்திருந்தால் ஒரு கிலோ மிஞ்சியிருக்கும்! பிஎல்ஏ என்னும் இழை அறுபது பாகை வெப்பத்தை நெருங்கினால் இளகிவிடும் என்பதால் வெயிலில் நிற்கும் காரில் பெட்டியை விட்டுவராதீர்கள்.

எல்லா விளையாட்டுக்கும் இது தேவையென்று நாங்கள் சொல்லவில்லை. முப்பது காய்களுக்கு ஒரு சுருக்குப்பை போதும். அதற்கும் அச்சிட்டுத்தான் ஆக வேண்டும் என்பது ஆசை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிறர் வரைந்து இலவசமாகப் பகிர்ந்த வடிவங்கள் இணையத்தில் ஏராளம். பலவற்றில் 'விற்பனைக்கு அன்று' என்னும் நிபந்தனை தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அவற்றை அச்சிட்டு விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம் என்று மகனின் நண்பர்கள் யோசனை கூறினர். நம்பிக் கொடுக்கப்பட்ட அமானிதத்தை அப்படிக் கையாளலாகாது என்று மறுத்துவிட்டோம். விற்க விரும்பினால் அவன் சொந்தமாக வரைந்ததை விற்கட்டும்.

சென்ற வியாழன் இரவு பரப்பி வைக்க ஏழெட்டு நிமிடங்களே பிடித்தன. ஆட்டம் முடிந்ததும் ஐந்து தட்டுகளும் அவரவர் கையால் நிரம்பின. கடல் அறையைப் பார்த்த இளையவள், "உம்மா, ஒன்று குறைகிறது" என்றாள். உம்மா பச்சைக் கட்டைகளைத் தம் தட்டில் அடுக்கியபடியே, "உன் வாப்பாவின் காலடியில் பார்" என்றார். அங்கேதான் கிடந்தது.