கையெழுத்து மட்டும் சம்மதமாகிவிடுமா?

"பெற்றோரே கையெழுத்திட்டுத் தந்த பின்னர் ஆய்வில் குற்றமென்ன?" என்று கேட்போர் இன்றும் உளர். அவர்கள் வில்லோபுரூக்கின் வரலாற்றை வாசிக்கட்டும்.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென அமைந்த அரசு விடுதி அது. 1956 முதல் மருத்துவர் சால் குரூக்மன் குழுவினர், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் கிருமியை வேண்டுமென்றே செலுத்தி ஆராய்ந்தனர். அவ்விடுதியில் எப்படியும் அந்நோய் தொற்றத்தான் போகிறது என்பதே அவர்கள் கூறிய நியாயம். நெரிசலும் அசுத்தமும் நோயைப் பரப்பினால், அவற்றை அகற்றுவதன்றோ கடமை?

பெற்றோர் ஒப்பியது மெய்யே. ஆனால் 1964இல் இடமின்றிப் பொதுச் சேர்க்கை நிறுத்தப்பட்டபோதும், ஆய்வுப் பிரிவின் கதவு மட்டும் திறந்திருந்தது. வேறு புகலிடமற்ற தாயின் கையெழுத்து சம்மதமா, நிர்ப்பந்தமா?

ஹெபடைடிஸ் இரு வகைப்படும் என்பதை அவ்வாய்வு தெளிவாக்கியது. 1983இல் குரூக்மனுக்கு லாஸ்கர் விருதும் கிட்டியது. பயன் விளைந்ததால் அநீதி நீதியாகிவிடாது. 1966லேயே மருத்துவர் ஹென்றி பீச்சர் இதனை அறம் பிறழ்ந்த ஆய்வுகளுள் ஒன்றாகச் சுட்டினார்.

ஆய்வே வேண்டாமென்பதல்ல நம் வாதம். மறதிநோயுற்ற முதியோருக்கும் மருந்து வேண்டும். அதற்கு ஆய்வும் வேண்டும். ஆயின் அவர்களுக்குப் பயன்படும் ஆய்வாக அது இருக்கட்டும். பேச இயலாதவர் முகம் திருப்பினாலும் அதை மறுப்பென ஏற்று நிறுத்தட்டும்.

அநாதையின் பொருளையே அவனது நலனுக்கன்றி நெருங்காதீர் என்கிறது நம் மார்க்கம். உடலோ பொருளினும் பெரிது. பாதுகாவலர் உரிமையாளர் அல்லர், அமானிதத்தைச் சுமப்பவர். அமானிதத்தைப் பிறர் நலனுக்காகச் செலவிட அவருக்கு அதிகாரம் தந்தது யார்?