நாவலைக் கண்டு அஞ்சுவது ஏன்?



ஹெர்மன் ஹெஸ்ஸே 1922-இல் ஜெர்மானிய மொழியில் எழுதி, திருலோக சீதாராம் தமிழாக்கிய 'சித்தார்த்தன்' நாவலை, இடைநிலைப்பள்ளியில் பயிலும் முன்னாள் மாணவர் ஒருவருக்கு அளித்தேன். "மகன் கோயிலை மறந்துவிடுவான்" என்று தந்தையார் திருப்பித் தந்துவிட்டார்.

அக்கதையில் சித்தார்த்தன் புத்தரைக் கண்டு வியக்கிறான். ஆயினும் நண்பன் கோவிந்தனைப் போல் சங்கத்தில் சேரவில்லை. ஒருவர் பெற்ற ஞானத்தைப் போதனையால் மற்றவருக்குத் தர இயலாது என்கிறான். பின்னர், படகோட்டி வாசுதேவனுடன் வாழ்ந்து ஆற்றுக்குச் செவிமடுக்கக் கற்கிறான். இதில் நிந்தனை எங்கே?

தேவாரத்தை மனனம் செய்வித்துவிட்டு, பொருள் கேட்கும் பிள்ளையை அதட்டுகிறோமே, அதுவன்றோ பக்தியைக் கொல்வது? கிந்தா ஆறு நம் தஞ்சோங் ரம்புத்தான் வழியாகவும் ஓடுகிறது. அதன் குரலைக் கேட்கப் பிள்ளைக்கு நம் அனுமதி வேண்டுமோ?

கேள்வி கேட்டு வளர்ந்தவன் கோயிலுக்குப் பொருளறிந்து வருவான். நூலைப் பறிக்குமுன் ஒருமுறை படியுங்கள்.