வாவியைக் கடந்த நகைகள்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல் வட்டைகளில் விதைப்புத் தொடங்கிவிட்டால், கிழக்குக் கரையிலுள்ள களுவாஞ்சிக்குடியில் நகை அடகு பிடிக்கும் இடங்களில் ஆட்கள் கூடிவிடுவார்கள். வெல்லாவெளிப் பக்கத்தார் பட்டிருப்புப் பாலத்தால் வருவார்கள். மண்டூர்ப் பக்கத்தார் குருமண்வெளித் துறைக்குப் ‘பாதை’ எனப்படும் மிதவையில் வந்து இறங்குவார்கள். சேலைத் தலைப்பில் முடிந்து வந்த சங்கிலியை ஒரு தாய் அவிழ்த்து வைக்கிறாள். அலுவலர் உரைகல்லில் உரசி, தராசில் நிறுத்து, சிட்டு எழுதுகிறார். அந்தக் காசு உழவுக் கூலியாகவும் உரமாகவும் மறுகரைக்குப் போகும். வெள்ளாமை வெட்டி நெல் விற்றால் நகை மீளும். வெள்ளம் மேவிவிட்டால் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, அடுத்த போகத்தை நம்பியிருக்க வேண்டியதுதான்.

56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நம் வாவியின் பாடும் மீனைப் பற்றி எழுதாதவர் இல்லை. அந்த வாவியைக் கடந்து போய்வந்த கடனைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. முன்பு நிலக்காரரான போடியாரிடமோ கடைக்காரரிடமோ பட்ட கடன் களவெட்டியிலேயே நெல்லாக அளக்கப்பட்டது. வீட்டுக்கு வந்தது மிச்சம்தான். 1961 ஜூலை 1இல் மக்கள் வங்கி தொடங்கியது. 1964 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ் கிராமிய வங்கிகள் வந்தன. கைமாற்றுக் கடன் அதோடு ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் ஏழை உழவருக்குப் போக இன்னொரு படி கிடைத்தது. 1995இல் தொடங்கிய அரசின் சமுர்த்தித் திட்டத்தில் ஐந்து ஐந்து பேராகக் குழு சேர்ந்தார்கள். அடகு வைக்க நகையே இல்லாத பெண்ணுக்கு அயல்வீட்டாரின் சொல் பிணையானது. வங்கி வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி எனக்குத் தெரியவில்லை.

1978 நவம்பர் 23 சூறாவளி, நீண்ட போர், 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம் என்று எத்தனையோ வந்து, இந்தக் கடன்களின் சிட்டுகள் இருந்த வீட்டுப் பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போயின. தப்பிய சேமிப்புப் புத்தகமோ பழைய அடகுச் சிட்டோ உங்களிடம் இருந்தால், ஒரு போட்டோப் பிரதி அனுப்புங்கள். மூலத்தை அனுப்பவேண்டாம், கணக்கு இலக்கத்தையும் கையொப்பத்தையும் மறைத்துவிடுங்கள். எழுத முடியாத அம்மம்மா, அம்மப்பா சொல்வதைப் பேரப்பிள்ளைகள் எழுதலாம். எந்தத் துறையால் வந்தார்கள், எந்த வட்டைக்காக எடுத்த கடன், அந்த நகை வீடு திரும்பியதா என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்