உருக்கின் நாடி

சந்தையிலே மட்பானை வாங்குவோர் அதனை விரலாற் சுண்டி ஓசை கேட்டே வாங்குவர். உடைத்துப் பார்த்தாலும் உரம் தெரியும். ஆயின் உலையேற்றப் பானை இராது. மின்னிலையங்களின் உருக்குக் குழாய்களைச் சோதிப்போர்க்கும் இடர் இதுவே. ஆகவே, சிதைக்காது சோதிக்கும் முறைகளை அறிஞர் நாடினர்.

1831 இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல் அவற்றுள் ஒன்றுக்கு அடிப்படையாயிற்று. மாறும் மின்னோட்டம் பாயும் சுருளை உருக்கின் அருகே வைத்தால், உருக்கினுள்ளே சுழியோட்டங்கள் எழும். வெடிப்போ தேய்வோ அவற்றின் போக்கை மாற்ற, அம்மாற்றத்தைச் சுருள் உணரும். மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தினால், குழாய்மேற் போர்த்த வெப்பக்காப்பு உறையை அகற்றாமலே சுவரின் தடிப்பை மதிக்கலாம். எனினும் அது ஒரு பரப்பின் சராசரியையே காட்டும்; சிறு குழி மறைந்துவிடுதல் கூடும். ஐயம் எழுந்த இடத்தை வேறு முறையாலும் ஆராய்தல் வேண்டும்.

கருவி இருந்தும் பயனென்ன, கை வைக்க மறந்தால்? யப்பானிலே மிகாமா அணுமின்னிலையத்தின் மூன்றாம் அலகிலே, 2004 ஆகத்து 9 ஆம் நாள் சுடுநீர்க் குழாயொன்று வெடித்தது. ஐவர் மாண்டனர், அறுவர் காயமுற்றனர். வழமையான சோதனைக்கு ஆயத்தஞ் செய்யவே அவர்கள் அங்கு வந்திருந்தனர். ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடித்திருந்த குழாய்ச் சுவர், மிக மெலிந்த இடத்தில் 0.4 மில்லிமீற்றராய்த் தேய்ந்திருந்தது. 1976 இல் அவ்வலகு இயங்கத் தொடங்கியது முதல் அவ்விடத்தை எவரும் அளந்திலர். சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலிலே அது விடுபட்டிருந்தது. குழாயின் தடிப்பை அளக்கும் வழி அக்காலத்தில் இல்லாமலில்லை.

நுண்ணிய கருவிகளை வாங்கிவிட்டாற் காவல் முடிந்தது என எண்ணுவோர் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. பட்டியலை ஆண்டுதோறும் முதலிலிருந்து படித்து, விடுபட்டது எது என வினவும் மனிதனே முதற் கருவி. அவனுக்குக் காலமும் அதிகாரமும் கொடுத்தல் செலவன்று, உயிர்க்காப்பு.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பொறியியலாளர் பலர் உளர். அவர்க்கு நாம் உருக்கைப் பற்றிக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆசிரியத் தொழிலில் அறிந்த ஒன்றைச் சொல்வோம். கேள்வி கேட்கப்படாமற் கடைசி வாங்கில் அமைதியாய் இருக்கும் மாணவன் கற்றுவிட்டான் என்று கொள்ளுதல் தவறு. ஓசையின்றிக் கிடக்கும் குழாயும் அத்தகையதே.