மண்ணு, தண்ணி, கண்ணாடி!

அரியர் எழுதப் போறதுக்கு முன்னாடி நாகராஜா கோயிலுக்கு ஓடுற கோஷ்டியா நீங்க? அப்போ ஒரு கேள்வி. அங்க பிரசாதமா என்ன தர்றாங்க? விபூதி? குங்குமம்? இல்ல மக்கா, மண்ணு! கருவறையிலிருந்து எடுக்கிற ஈர மண்ணு.

நாகர்கோவிலுக்கே பேரு கொடுத்த கோயில். ஆனா மூலவருக்கு மேல இன்னிக்கும் ஓலைக்கூரைதான். தூண்களைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பார்சுவநாதர், மகாவீரர்னு சமணத் தீர்த்தங்கரர்கள் இருப்பாங்க. எந்த மதமா இருந்தா என்ன, கால்ல மிதிக்கிற மண்ணை நெத்தியில ஏத்துற இடம் அது.

அங்கிருந்து கன்னியாகுமரி பக்கமா பஸ் ஏறினா சாமித்தோப்பு. அய்யா வைகுண்டர் (1809 - 1851) வாழ்ந்த ஊர். அங்க ஃபேமஸ், முந்திரிக் கிணறு. பொதுக் கிணத்துப் பக்கமே சில சாதிக்காரங்க போக முடியாத திருவிதாங்கூர் காலத்துல, எல்லாரையும் ஒரே கிணத்துத் தண்ணியில குளிக்க வச்சவர் அய்யா. அரசாங்கம் அவரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டது. தண்ணி கடவுள் கொடுத்ததுன்னா, 'எங்க சாதிக்கு மட்டும்'னு சொல்ல யாருக்கு உரிமை இருக்கு? சிம்பிள் லாஜிக்தான். ஆனா அதுக்காகச் சிறைக்குப் போக தில் வேணும். அய்யா வழியில கும்பிடப் போனா எதிரே சிலை இருக்காது, கண்ணாடி இருக்கும். தெரியுறது உங்க முகம். பக்கத்துல நிக்கிறவர் முகமும்தான்!

இந்தப் பக்கம் தக்கலை. தென்காசியில் பிறந்து இங்கே வந்து தங்கிய சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பா. தறி நெய்து சாப்பிட்டவர். அவர் எழுதின 'ஞானப்புகழ்ச்சி'யை வருஷா வருஷம் ரஜப் மாசத்துல விடிய விடியத் தமிழ்ல பாடுறாங்க. சர்ச்சுக்குப் போற ஃப்ரெண்ட்ஸுக்கு அசிசி பிரான்சிஸைத் தெரிஞ்சிருக்கும். 13-ம் நூற்றாண்டு இத்தாலியில சூரியனை அண்ணன்னும் தண்ணியைத் தங்கச்சின்னும் சொந்தம் கொண்டாடிப் பாடினவர். ஊர் வேற, மொழி வேற. ஆனா எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: படைச்சவனைக் கும்பிடணும்னா, படைச்சதை மதி.

நாம என்ன பண்றோம்? நெத்தியில மண்ணை வச்சுட்டு வெளியே வந்து, நெல்லு விளைஞ்ச நாஞ்சில் நாட்டு வயலை மூடி பிளாட் போடுறோம். பழையாத்துல சாக்கடையைக் கலந்து விடுறோம். மலையை உடைச்சு டிப்பர்ல ஏத்தி அனுப்புறோம். மூணு மதத்துக்காரங்களும் இதுல மட்டும் செம ஒத்துமை!

தியரியில நாம எல்லாரும் பாஸ்தான். நூறு தடவை கேட்டாச்சு, தலையாட்டியாச்சு. இந்த வாரம் ஒரு சின்ன பிராக்டிகல். கோயிலோ, பதியோ, தர்காவோ, சர்ச்சோ... பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிட்டுப் போன அந்த பாலிதீன் கவரைத் திரும்பி வரும்போது எங்கே போடுறீங்க?

எக்ஸாமினர் அங்கேதான் நிக்கிறார் மக்கா.