வாட்பயிற்சிக் குழுவில் சேருமுன்



என் முன்னாள் மாணவர் ஒருவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உயர்கல்வி பயில்கிறார். ஐரோப்பாவின் பழைய வாட்போர்க் கலையைப் பயிற்றுவிக்கும் குழு ஒன்றில் சேர அவருக்கு விருப்பம். அவருடைய தாயார் என்னிடம் முதலில் கேட்டது, "அங்கே குரு யார்? அவருக்குக் குரு யார்?" என்பதே. சிலம்பம் அறிந்த குடும்பத்தார் அவ்வாறு கேட்பது இயல்பு. ஆயினும் இக்கலைக்கு அக்கேள்வி பொருந்தாது என்பது என் கருத்து.

இடைக்கால ஐரோப்பாவின் நீள்வாள் முறைகளில் குரு சீடர் தொடர்ச்சி என்றோ அறுந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் ஹட்டன், எகர்ட்டன் காசில் முதலானோர் பழைய நூல்களைப் புரட்டி அவற்றுக்கு உயிரூட்ட முயன்றனர். இன்று நாம் காணும் குழுக்கள் பெரும்பாலும் 1990களுக்குப் பிறகு வளர்ந்தவை. ஆகவே, இன்று நீள்வாள் கற்பிக்கும் எவரும் அடிப்படையில் ஏடு படித்துக் கற்றவரே. "எங்கள் பரம்பரையில் ஐந்நூறு ஆண்டுகளாக வாளெடுத்து வருகிறோம்" என்று ஒருவர் மார்தட்டினால், வாசலோடு திரும்பிவிடுவது நல்லது.

கேட்கவேண்டிய கேள்வி, "எந்த நூல்?" என்பதே. 1410ஆம் ஆண்டையொட்டி எழுதிய இத்தாலியரான ஃபியோரே, மற்போரையும் குத்துவாளையும் நீள்வாளோடு இணைத்தே கற்பிக்கிறார். 1570இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் நூல் வெளியிட்ட யோவாகிம் மேயரின் போக்கு வேறு. லீட்ஸ் அரச படைக்கல அருங்காட்சியகத்திலேயே 14ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்துச் சுவடி ஒன்று உள்ளது. இன்று எஞ்சியுள்ள வாட்போர் ஏடுகளில் மிகப் பழமையானதாகக் கருதப்படுவது அது. வாளும் சிறுகேடயமும் ஏந்திய பாதிரியார் ஒருவர் தம் மாணவருக்குக் கற்பிக்கும் படங்கள் அதில் வரிசையாக வருகின்றன. இறுதிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்னும் பெண்ணும் வாளேந்தி நிற்கிறாள்! (பெண்பிள்ளைகளைப் பெற்றோர் கவனிக்க.)

திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை ஒருவிதம், மணக்குடவர் உரை ஒருவிதம் என்று நாம் வகுப்பில் சொல்வதில்லையா? அதுபோல, "இப்பக்கத்தை நாங்கள் இவ்வாறு பொருள் கொள்கிறோம், பிறர் வேறுவிதமாகக் கொள்கின்றனர்" என்று ஏட்டைத் திறந்து காட்டுபவரே நம்பத்தக்கவர். கேள்வி கேட்ட மாணவரை முறைப்பவர் எத்துணைத் திறமைசாலியாயினும் வேண்டாம்.

பணம் கட்டுமுன் ஒருநாள் ஓரமாக அமர்ந்து பார்க்கவேண்டும். மூத்தவர் புதியவரோடு மோதும்போது தம் வேகத்தைக் குறைக்கிறாரா? மழுங்கிய எஃகு வாளும் விரலை முறிக்கும். வாட்போட்டி விளையாட்டுக்கான சாதாரண முகக்கவசம் பின்மண்டையைக் காப்பதில்லை. அதற்குத் தனிக் காப்பு வேண்டும். அதையெல்லாம் பொருட்படுத்தாமல் முதல் நாளே எஃகு வாளைக் கையில் கொடுத்து மோதவிடும் இடத்தை நான் எந்த மாணவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஐரோப்பிய இடைக்காலத்தை வெள்ளையினப் பெருமைக்குக் கொடியாகப் பிடிப்போரும் உள்ளனர். பெரும்பாலான குழுக்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஆயினும் நம் பிள்ளை நிறத்தால் தனித்துத் தெரிபவர். எனவே, பயிற்சி முடிந்தபின் நடக்கும் பேச்சையும் அவர் காதுகொடுத்துக் கேட்கட்டும். கேலியாகச் சொல்லப்பட்ட ஒரு சொல்லுக்குத் தலைமைப் பயிற்றுநர் சிரிக்கிறாரா, கண்டிக்கிறாரா என்பதிலேயே குழுவின் தரம் தெரிந்துவிடும்.

செலவைப் பற்றியும் அத்தாயார் கேட்டார். பல குழுக்கள் தொடக்க நாள்களில் கருவிகளை இரவலாகத் தருகின்றன. சில மாதங்கள் அவற்றைக் கொண்டே பயிலலாம். பிறகு வாங்குவதாயின் முதலில் முகக்கவசம், அடுத்துத் தடித்த கையுறை. வாளைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்.